எட்டுக்கால் பூச்சி பட்டினி கிடந்த வருஷம்

அது எங்கள் வீட்டுக்கு வந்ததே அடிதடியோடுதான்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். காற்று மாறிக் கடல் கலங்கிக் கிடக்கிற மாதங்களில் அடித்தரை கண்ணுக்குத் தெரியாது. சங்கு எடுக்க முடியாது. அந்த மாதங்களில் பழைய துறைமுகத்துப் பக்கம் தோணி கட்டுகிற இடத்துக்கு மரம் இறக்கப் போவார். மேற்கு மலையிலிருந்து லாரியில் வருகிற பெரிய பெரிய தடிகள். அப்படி வந்த ஒரு தடியில் பொந்து இருந்திருக்கிறது. கூட வேலை செய்த ஒருவர் பிடிமானத்துக்கு அந்தப் பொந்துக்குள் கையை விட, உள்ளே இருந்தது கடித்துவிட்டது.

கடிபட்டவர் கத்திக்கொண்டே கடப்பாரையை எடுத்து அதைக் குத்தப் போனாராம். என் வீட்டுக்காரர் அவர் தாடையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கடிபட்டவனையே அடித்த ஆள் என்று அப்புறம் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவர் வாசலில் நுழைந்ததும் முகத்தைப் பார்க்க மாட்டேன், கைமுட்டியைப் பார்ப்பேன். முட்டியில் தோல் உரிந்திருந்தால் அன்றைய கோபம் வெளியிலேயே தீர்ந்துவிட்டது, எனக்கு மிச்சமில்லை என்று அர்த்தம். அன்றைக்கு முட்டி உரிந்திருந்தது. சட்டையில் ரத்தம். கையில் துண்டால் வாய் கட்டின மிட்டாய் பாட்டில்.

"யாரு ரெத்தம் இது?" என்றேன்.

"கடிபட்டவன் ரெத்தம்."

"பூச்சி கடிச்சா இம்புட்டு ரெத்தமா வரும்?"

"பூச்சி கடிச்சது கையில. ரெத்தம் வந்தது வாயில" என்று சிரித்தார். துண்டை அவிழ்த்தார்.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். உள்ளங்கை அகலம் இருந்தது. உடம்பெல்லாம் சாம்பல் மயிர். முதுகில் கோலம் போட்டது மாதிரி வெள்ளையும் கறுப்பும். பாட்டிலை அவர் ஆட்டினதும் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. கால்களின் அடிப்பக்கம் பச்சை மஞ்சள். நாங்கள் வீட்டுச் சுவரில் பார்க்கிற எட்டுக்கால் பூச்சிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது காத்துக்கொண்டிருக்கிற கை மாதிரி இருந்தது.

கடிபட்டவர் கை தோள்வரை வீங்கி, கால் நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டு, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாகவில்லை. ஆனால் அவர் கத்தின கத்தலைக் கேட்டவர்கள் வந்து சொன்னார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், படித்துத் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்துப் பயப்படுகிற புத்தி மட்டும் நிறைய உண்டு. மூடி திறந்தால் என்ன, பாட்டில் உடைந்தால் என்ன, பல்லி தட்டிவிட்டால் என்ன என்று நினைத்து நினைத்து, மூடிக்கு மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். அவர் குழவியை எடுத்துத் தூக்கிப்போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு மரப்பட்டையைச் சாய்த்து வைத்து, மாதா படம் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டில் பாட்டிலை வைத்தார்.

அதற்கு முதலில் போட்டது கரப்பான். பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது வெளியே வந்ததே தெரியவில்லை. கரப்பான் அதன் வாயில் இருந்தது. அப்புறம் பல்லி. பல்லி வாலை விட்டுவிட்டுத் தப்பப் பார்த்தது; வால் ஒரு பக்கம் துள்ள, பல்லியை அது பட்டையோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. ஒரு தடவை சுண்டெலிக் குஞ்சு. அதை நான் பார்க்கவில்லை, குசினிக்குள் போய் அடுப்போரம் நின்றுகொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி குந்தியிருந்து பார்ப்பார்.

"ஏளா, வந்து பாரு. இதுக்கு எட்டுக் கண்ணு. நமக்கு இருக்கது ரெண்டு, அதுவும் தண்ணிக்குள்ள போனா மங்கிருது."

அந்த வருஷம் சங்குக் காலம் தொடங்கின முதல் திங்கட்கிழமை, விடியுமுன் ஒரு கரப்பானைப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனார். அன்றைக்கு அவர் அடித்தரையில் இருக்கும்போது ஒரு சுறா அவர் தலைக்கு மேலேயே போயிருக்கிறது. அவரைத் தொடவில்லை. பக்கத்து வள்ளத்தில் குளித்தவரின் கெண்டைக்கால் சதையைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஆளை வள்ளத்தின் பலகையில் கிடத்திக் கொண்டுவந்ததை நான் பார்த்தேன். எலும்பு தெரிந்தது, மீன் கழுவும்போது முள் தெரிகிற மாதிரி.

அந்தக் காலத்தில், முத்துக்குளிப்பு நடந்தபோது, கடல்கட்டி என்று ஒருவர் கரையில் உட்கார்ந்து மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவாராம். அவர் கட்டினபிறகுதான் ஆட்கள் தண்ணீரில் இறங்குவார்களாம். முத்துக்குளிப்பே நின்றுபோய், அந்த ஆட்களும் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாயங்காலம் பாட்டிலைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "நமக்குக் கடல்கட்டி இவன்தான். இவன் வாய் தின்னா, அவன் வாய் கட்டும்."

அதுதான் சட்டமாகிவிட்டது. திங்கட்கிழமை விடியற்காலை பூச்சிக்கு இரை போடுவார். அது பிடித்தால் அந்த வாரம் கடல். கோயிலில் முழந்தாளிட்டுச் செபம் சொல்லுகிற மனிதர்தான். பங்குச் சாமியார் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் பயந்தேன். அவர் பயப்படவில்லை.

இப்போது கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிக்கிறவர் காலில் கல்லைக் கட்டி இறங்குவார். இன்னொரு கயிறு உடம்பில் இருக்கும். அதன் மறுமுனை வள்ளத்தில் நிற்கிறவன் கையில். மூச்சு முட்டினதும் கீழே இருந்து கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் நுரையீரலுக்குள் தண்ணீர். அதனால் எங்கள் ஆட்கள் கயிற்றை யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்கிற நம்பிக்கை. சொந்த அண்ணன் தம்பிகூடச் சொத்துக்காகக் கயிற்றை விட்டுவிடலாம், மச்சான் விடமாட்டான் என்பார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கயிறு பிடித்தது என் அண்ணன்.

என்னுடைய பயம் எங்கே இருந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். அடி எனக்குப் பழகிவிட்டது. கல்யாணமான மூன்றாம் மாதமே கன்னத்தில் விழுந்தது. அப்புறம் முதுகு, கை, தொடை. இடுப்பு வார், விறகு, வெறுங்கை. நான் பயந்தது என் அண்ணனுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான். சின்ன வயதில் என்னைத் தெருவில் ஒரு நாய் கடித்ததற்கு அந்த நாயைத் தேடிப் போய் அடித்துக் கொன்றவன் அவன். அப்பேர்ப்பட்டவன் கையில் கயிறு. அவன் வேண்டுமென்று விடமாட்டான். ஆனால் என் முதுகை நினைத்துக்கொண்டு நிற்கிறபோது கயிறு சுண்டினால், கை ஒரு நொடி யோசிக்காதா? யோசித்தால் நான் விதவை, அவன் கொலைகாரன். அந்த இரண்டும் சேர்ந்து என் தலையில் விழும்.

அதனால் வெயில் கொளுத்துகிற தூத்துக்குடியில் நான் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டில் ஆப்பம் சுட்டு விற்கிற அக்கா கேலி பண்ணுவாள்: "என்னளா, கன்னியாஸ்திரி மடத்துல சேரப் போறியா?" அவளுக்கு எல்லாம் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் சுவர்.

கிறிஸ்துமஸ் கழிந்து கொஞ்ச நாளில் பூச்சி தின்பதை நிறுத்தியது.

முதல் திங்கட்கிழமை கரப்பான் அதன்மேலேயே ஏறிப் போனது. அது ஒரு காலால் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். இவர் வேறு கரப்பான் போட்டார். வெட்டுக்கிளி போட்டார். பல்லி போட்டார். பல்லி மூன்று நாள் உள்ளே இருந்து, பூச்சி தொடாமலேயே செத்துப்போனது. அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. உடம்பின் கோலமெல்லாம் மங்கி, வயிறு மட்டும் கறுத்துப் பெருத்து, பட்டைக்கு முன்னால் வலையைக் கெட்டியாக நெய்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. தின்னாமல் வயிறு எப்படிப் பெருக்கும் என்று யாருக்கும் புரியவில்லை.

இவர் கடலுக்குப் போகவில்லை. நல்ல தெளிந்த தண்ணீர், நல்ல காற்று. மற்ற வள்ளமெல்லாம் போய் வந்தது. இவர் பாட்டிலுக்கு முன்னால் குந்தியிருப்பார். அப்புறம் சாராயத்துக்குப் போவார். அப்புறம் நான்.

குளிக்கிறவர் போகாவிட்டால் கயிறு பிடிக்கிறவனுக்கும் வேலை கிடையாது. அண்ணன் வந்து வாசலில் நின்று கேட்டான்: "மாப்பிள, பூச்சி திங்காட்டி நம்மளும் திங்கக் கூடாதுன்னு கணக்கா?"

"மச்சான், கெண்டைக்கால் போனவனைப் பாத்தீருல்லா?"

"பாத்தேன். அவன் வீட்டுலயும் எட்டுக்கால் பூச்சி கெடக்கு, கூரை பூராவும். நல்லாத்தான் திங்கி. காலு போயிட்டே."

இவர் எழுந்து அண்ணனின் சட்டையைப் பிடித்தார். அண்ணன் இவர் கழுத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் மணல் தெருவில் உருண்டார்கள். அண்ணன் உதடு கிழிந்தது. ஆப்பக்கார அக்கா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து இரண்டு பேர் தலையிலும் ஊற்றினாள். "சண்டை போடுத நாயிக்கு இதுதாம்லே மருந்து" என்றாள். எழுந்து போகும்போது அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ரவிக்கைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின நாற்பது நாள் தபசுகாலம் வந்தது. நாங்கள் ஒருசந்தியும் சுத்தபோசனமும், ஒரே வேளைச் சாப்பாடு, கறி கிடையாது. அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "ஏளா, ஒங்க பூச்சியும் ஒருசந்தி புடிக்கோ? அப்ப அதுதான் இந்தத் தெருவுலயே நல்ல கிறிஸ்தவன்." தெருவே சிரித்தது. சிரித்தது என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது. அன்றைக்குப் பகலில் விறகால் அடித்தார். பூச்சிமருந்துப் பொடி தூவினேன் என்றார். தீர்த்தம் தெளித்தேன் என்றார். தூரமான நாட்களில் பாட்டிலைத் தொட்டுத் தீட்டாக்கினேன் என்றார். அம்மிக் குழவி வைத்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் பாட்டிலைத் தொட்டதே இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடியுமுன்னே எழுந்து, தின்னு, தின்னு, ஒரே ஒரு கரப்பான் காலையாவது தின்னு என்று மாதாவிடம் மன்றாடினவள் நான்தான். மேல்தட்டில் இருந்த மாதாவிடம் கேட்கிறேனா, கீழ்த்தட்டில் இருந்த பூச்சியிடம் கேட்கிறேனா என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு மத்தியானம் குடித்துவிட்டு வந்தவர் பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்தார். மூடியைத் திறந்தார். "இது கரப்பானைத் திங்காது, பல்லியைத் திங்காது. மனுசக் கறியைத் திங்குதான்னு பாப்போம்" என்றார். என் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். ஓட முடியவில்லை, என் பின்னல் அவர் கையில் இருந்தது. மணிக்கட்டைப் பிடித்து என் கையைப் பாட்டிலுக்குள் திணித்தார்.

கண்ணாடி விளிம்பு சதையைக் கிழித்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கத்தினவரின் சத்தம் எனக்குள் கேட்டது. உள்ளே வலை அறுந்தது. பட்டைக்குப் பின்னாலிருந்து அது வெளியே வந்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கினது. மஞ்சள் தெரிந்தது. நான் மூச்சை நிறுத்திவிட்டேன். கடலுக்கு அடியில் இவர் நிறுத்துவது இப்படித்தான் இருக்கும் என்று அந்த நேரத்தில் ஒரு நினைப்பு.

அது ஒரு காலை என் விரல்மேல் வைத்தது. பூனைக்குட்டியின் பாதம் மாதிரி மெத்தென்று. இன்னொரு காலை வைத்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பி, பட்டைக்குப் பின்னால் போய்விட்டது.

என்னையும் அது வேண்டாம் என்றுவிட்டது.

"என்ன நடக்கு இங்கன?"

வாசலில் அண்ணன் நின்றான். கையில் ஓலையில் கோத்த விளமீன். இவர் என் மணிக்கட்டை விட்டார். நான் கையை வெளியே எடுத்தேன். அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான். முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டிருந்ததால் எல்லாம் தெரிந்தது. கறுத்தது, பச்சை பாய்ந்தது, மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது, அன்றைய ரத்தம். மாதக்கணக்கில் நான் மறைத்ததை ஒரு பார்வையில் பார்த்துவிட்டான்.

அவன் பாய்ந்து அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மீனைத் தரையில் வைத்தான். கையைத் துண்டில் துடைத்தான்.

"மாப்பிள" என்றான், ரொம்ப மரியாதையாக. "பூச்சி திங்க ஆரம்பிச்சதும் ஆள் விட்டுச் சொல்லும். கடலுக்குப் போவோம். கயிறு நாந்தான் பிடிப்பேன். வேற ஆள் பாக்க வேண்டாம்."

என்னிடம் திரும்பி, "மீனைக் கழுவு தங்கச்சி, கெட்டுரும்" என்றான். போய்விட்டான்.

இவருக்குப் போதையில் ஒன்றும் விளங்கவில்லை. மச்சான் சமாதானமாகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டார். எனக்கு விளங்கிவிட்டது. மீனைக் கழுவும்போது கத்தி இரண்டு தடவை கீழே விழுந்தது.

அன்றிலிருந்து என் மன்றாட்டு தலைகீழாக மாறியது. தின்னாதே, மாதாவே அதைத் தின்ன விடாதே. பூச்சி பட்டினி கிடக்கிறவரை இவர் கரையில். இவர் கரையில் இருக்கிறவரை எனக்கு அடி. ஆனால் யாரும் சாகமாட்டார்கள், என் அண்ணன் ஜெயிலுக்குப் போகமாட்டான். பொடியைத் தூவிக் கொன்றுவிடலாமா என்றும் நினைத்தேன். கொன்றால் இவர் என்னைக் கொல்லுவார்; அல்லது வேறு ஏதாவது ஒரு சகுனத்தைப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போவார். எந்தப் பக்கம் நினைத்தாலும் முடிவில் ஒரு பிணம் கிடந்தது. அண்ணனிடம் போய்க் காலில் விழலாம் என்று ஒரு நாள் போனேன். அவன் வலை முடிந்துகொண்டிருந்தான். "நான் என்னளா செய்வேன்? கயிறு வழுக்கும். தண்ணில நனைஞ்ச கயிறு வழுக்கத்தான் செய்யும்" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

பாஸ்கா வந்தது, போனது. சங்குக் காலம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்படியே முடிந்துவிட்டால் தப்பித்தோம் என்று இருந்தேன்.

ஒரு காலையில் பார்த்தால் பூச்சி மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே. அசைவில்லை.

இவரும் பார்த்தார். முதலில் அழுதார், சுவரில் தலையை முட்டிக்கொண்டு, குழந்தையைப் பறிகொடுத்தவர் மாதிரி. அழுகை முடிந்ததும் என்மேல் விழுந்தார். அதுவரை வாங்கின அடியெல்லாம் அடியே இல்லை. கூந்தலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு முதுகில் மிதித்தார். "கொன்னுட்டியே, பாவி, கொன்னுட்டியே" என்பது மட்டும் கேட்டது. அக்கா ஆப்பக் கரண்டியோடு ஓடி வந்து அவர் தோளில் அடித்தாள். அவர் விடவில்லை. திடீரென்று அக்கா கத்தினாள்:

"ஏலே, நிறுத்துலே! அங்கன பாரு, அது காலு ஆடுது!"

அவர் மிதித்த காலைத் தூக்கின வாக்கில் நின்றார். மூன்று பேரும் பார்த்தோம். பூச்சியின் முதுகு விரிந்திருந்தது. உள்ளேயிருந்து வெளிறின, ஈரமான இன்னொரு பூச்சி, ஒவ்வொரு காலாக, கையுறையிலிருந்து விரலை உருவுகிற மாதிரி உருவிக்கொண்டிருந்தது. நெடுநேரம் ஆனது. அவ்வளவு நேரமும் என் கூந்தல் அவர் கையிலேயே இருந்தது. அதை விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. விடச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் பாட்டிலுக்குள் இரண்டு பூச்சி கிடந்தன. ஒன்று வெறும் தோல். இன்னொன்று பெரியது, புதுசு, கோலமெல்லாம் பளிச்சென்று.

"ஒருசந்தியை முடிச்சிட்டு பாஸ்காவுக்குப் புதுச்சட்டை போடுது. கொஞ்சம் பிந்திட்டு" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

அந்த வார முடிவில் ஒரு கரப்பான் போட்டார். கண் இமைக்குமுன் பிடித்தது. அவர் துள்ளிக் குதித்தார். அண்ணனுக்கு ஆள் போனது: திங்கட்கிழமை கடல்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. என் பயம் எல்லா வழியையும் நடந்து நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. மறைத்து வைத்ததால்தான் இது இந்த அளவுக்கு வந்தது என்பது ஒன்றுதான் மிச்சமாகத் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் இருக்கிறவரை கயிறு வழுக்கலாம். எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் வழுக்காது.

வள்ளம் இறக்குகிற நேரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் கரைக்குப் போகிற வழக்கமில்லை. அன்றைக்குப் போனேன். பழைய அரைக்கை ரவிக்கையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கஞ்சித் தூக்குவாளியோடு நடந்தேன். வெளுத்துக்கொண்டு வந்தது. கரையில் நின்ற ஆட்கள் என் கைகளைப் பார்த்தார்கள். நான் திரும்பி நின்றேன், முதுகுப் பக்கமும் தெரியட்டும் என்று.

"அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்காதது மாதிரி இருந்தது, அதனால் கத்தினேன். "எல்லாரும் கேக்கச் சொல்லுதேன். இது அம்புட்டும் இவரு அடிச்சது. ஒனக்குத் தெரியும். இப்ப இவங்களுக்கும் தெரியும். கயிறு ஒன் கையில. இவரு உசுரோட கரைக்கு வரணும்."

ஒரு வள்ளக்காரர், "வீட்டுப் பேச்சைக் கடக்கரைக்குக் கொண்டாரலாமாளா?" என்றார்.

இன்னொருவர் சிரித்தார். "அவ வெவரமாத்தான் பேசுதா. இன்னைக்கு மாப்பிள மூச்சு முட்டிச் செத்தாக்கூட மச்சான் கழுத்துக்குத்தான் கயிறு வரும். சுறாவே கடிச்சாலும் இவந்தான் கடிச்சான்னு சொல்லுவோம்."

அண்ணன் என்னையே பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு கோபம். நான் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது மாதிரி. என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் கையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது, விளமீன் கொண்டுவந்த அன்றைக்குத் தன்னிடம் சொல்லப்பட்டது என்ன என்று. போகமாட்டேன் என்று சொல்ல முடியாது. அத்தனை ஆண்கள் நிற்கிறார்கள். ஏறினார்.

வெயில் ஏறி, இறங்கி, கடல்காற்று தொடங்கினபிறகுதான் பாய்கள் தெரிந்தன. நான் அந்த மணலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இவர் உயிரோடு வந்தார். மூக்கிலிருந்து வடிந்த ரத்தம் மீசையில் காய்ந்திருந்தது. பை காலியாக இருந்தது, ஒரு சங்கு இல்லை. இறங்கினதும் இறங்கினதும் கயிற்றைச் சுண்டினாராம், தரையைத் தொடாமலேயே. அண்ணன் ஒவ்வொரு தடவையும் உடனே இழுத்தானாம். கடைசித் தடவை மட்டும் தரைவரை போய்ச் சுண்டியிருக்கிறார். அப்போதுதான் மூக்கில் ரத்தம்.

அண்ணனிடம் கேட்டேன். கயிற்றைப் பிழிந்துகொண்டே சொன்னான்: "நான் பிந்தல. அவருக்குப் பிந்தினாப்பல இருந்திருக்கும்."

வீட்டுக்கு வந்தவர் பாட்டில் இருந்த பக்கம் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன், வழக்கம்போல அவர் கைமுட்டியைப் பார்த்துக்கொண்டு. முட்டியில் தோல் உரியவில்லை. அன்றைய கோபம் இன்னும் உள்ளேதான் இருந்தது.

"சாப்ட்டியா?" என்று கேட்டார்.

கல்யாணமாகி அதுவரை அவர் கேட்காத கேள்வி. இல்லை என்றேன். காலையில் கொண்டுபோன தூக்குவாளி அப்படியே இருந்தது. அவர் அதைத் திறந்து, கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, என் பக்கம் தள்ளினார். நான் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார், முன்பு பூச்சியைப் பார்த்த மாதிரி.

அதற்குப் பிறகு அவர் கையே ஓங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஓங்கினார். ஓங்கின கை பல தடவை பாதியில் நின்றது, சில தடவை நிற்கவில்லை. பூச்சி அதற்கப்புறமும் எங்கள் வீட்டில் இருந்தது. நான்தான் இரை போட்டேன். மறு வருஷமும் அது மாதக்கணக்கில் பட்டினி கிடந்தது. இவர் அதைக் கவனிக்கவே இல்லை. அவருடைய சகுனம் பூச்சியிலிருந்து என்னிடம் இடம் மாறியிருந்தது. திங்கட்கிழமை விடியற்காலை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குசினி வாசலில் வந்து நிற்பார். "சாப்ட்டியாளா?" என்பார். சாப்பிட்டேன் என்றால் கடலுக்குப் போவார். அண்ணன் கயிற்றைப் பிடிப்பான். பொழுது சாயக் கரைக்கு வருவார்.

கை ஓங்கின வாரங்களில் நான் பழைய சோற்றை எடுத்து வைத்து, மூடி, தொடாமல் உட்கார்ந்திருப்பேன். இவர் வந்து கேட்பார். மூடின தட்டைப் பார்ப்பார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்ளுவார்.